நாலு நாள் வெளிநாட்டுப் பயணத்துக்கு எந்த சிம்? புதுச்சேரி, கடலூர்க்காரர்களுக்கு முழுமையான வழிகாட்டி

சிங்கப்பூருக்கு நாலு நாள் போகிறவருக்கும், பாரிஸில் அக்கா வீட்டில் மூன்று வாரம் தங்கப் போகிறவருக்கும் ஒரே சிம் சரிப்பட்டு வராது. ஆனால் புதுச்சேரி நேரு வீதியிலோ கடலூர் லாரன்ஸ் ரோட்டிலோ ஒரு மொபைல் கடையில் போய்க் கேட்டால், இருவருக்கும் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "ரோமிங் பேக் போட்டுக்கோங்க சார், பிரச்சினையே இல்ல." இந்திய சிம்மையே வெளிநாட்டிலும் ஓட்ட வைக்கும் பேக் அது. சிலருக்கு அது சரியான பதில். சிலருக்குத் தண்டச் செலவு.

எல்லோரும் விலையில் ஆரம்பிக்கிறார்கள். நான் சொல்லும் வரிசை வேறு: கையில் இருக்கும் போன், கூட வரும் ஆட்கள், போகும் நாடு, கடைசியாகக் காசு. குறுகிய பயணத்தில் மலிவான சிம்முக்கும் விலை கூடிய சிம்முக்கும் உள்ள வித்தியாசம் ஒரு வேளை ஓட்டல் சாப்பாட்டுக்குக் கூட வராது. பேங்க் ஓடிபி வராமல் கார்டு நின்றுபோனாலோ, ராத்திரி இறங்கிய இடத்தில் டாக்ஸி கூப்பிட நெட் இல்லாவிட்டாலோதான் திண்டாட்டம். அதனால் இந்திய நம்பர் போனுக்குள்ளேயே உயிரோடு இருக்க வேண்டும். டேட்டா தோதான வேறு வழியில் வரட்டும். கீழே சொல்வதெல்லாம் இந்த இரண்டையும் சேர்த்து நடத்திக்கொள்ளத்தான்.

படி 1: போனைப் பாருங்கள்

டயல் பேடில் *#06# அடியுங்கள். ஐஎம்இஐ எண்களோடு இஐடி என்று 32 இலக்க எண் ஒன்றும் வந்தால், அந்தப் போனில் இசிம் (பிளாஸ்டிக் அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே ஏறும் சிம்) போடலாம். ஐபோனில் 2018-இல் வந்த எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர் மாடல்கள் தொடங்கி இந்தியாவில் விற்றவை எல்லாவற்றிலும் உண்டு. பத்து, பதினைந்தாயிரம் ரூபாய் ஆண்ட்ராய்டு போன்களில் பெரும்பாலும் இருக்காது. இல்லாவிட்டால் குடி முழுகிவிடாது, இரண்டு சிம் போடும் இடம் இருந்தால் போதும். ஆனால் டிரேயை ஒருமுறை வெளியே எடுத்துப் பாருங்கள். சில போன்களில் இரண்டாவது சிம்மும் மெமரி கார்டும் ஒரே இடத்துக்குப் போட்டி போடும். மெமரி கார்டை எடுக்க வேண்டுமென்றால் அதில் உள்ள படங்களை ஊரிலேயே நகலெடுத்து வைத்துவிட வேண்டும். விமான நிலையத்தில் நின்றுகொண்டு செய்கிற வேலை இல்லை அது.

வெளிநாட்டில் இருக்கும் மாமா, சித்தப்பா கொடுத்தனுப்பிய போன் என்றால் இன்னும் கொஞ்சம் கவனம் வேண்டும். அங்கே ஒரு நிறுவனத்தோடு பூட்டி விற்கும் வழக்கம் உண்டு. ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட் என்று போய் கேரியர் லாக் என்ற வரியைப் பாருங்கள். சிம் கட்டுப்பாடு எதுவும் இல்லை என்று காட்டினால் சரி. அமெரிக்காவில் விற்ற ஐபோன் 14-இலும் அதற்குப் பிறகு வந்தவற்றிலும் சிம் டிரேயே கிடையாது. அந்தப் போனை வைத்திருப்பவர் சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில் பிளாஸ்டிக் சிம் வாங்கி ஒரு பயனும் இல்லை, இசிம் ஒன்றே வழி.

அப்பாவின் பட்டன் போன்? பழைய 2ஜி போன் என்றால் சிங்கப்பூரில் அது வெறும் டார்ச் லைட்தான். அங்கே 2ஜி சேவையை 2017-இலேயே நிறுத்திவிட்டார்கள். 2024-இல் 3ஜியும் போய்விட்டது. மலேசியாவில் 3ஜி 2021 கடைசியோடு முடிந்தது. பெரியவர்களைக் கூட்டிப் போகிறீர்கள் என்றால், வீட்டில் சும்மா கிடக்கும் ஒரு 4ஜி ஸ்மார்ட்போனில் அவர்களின் சிம்மைப் போட்டு, கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே கையில் கொடுத்துப் பழக்கிவிடுங்கள்.

படி 2: எவ்வளவு டேட்டா வேண்டும்?

நமக்கு ஊரில் தினமும் ஒன்றரை ஜிபி, இரண்டு ஜிபி என்று கொட்டிக் கொடுத்துப் பழக்கிவிட்டார்கள். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மறுபடியும் நிரம்பிவிடும். வெளிநாட்டு பேக்குகள் பலவும் அப்படி இல்லை, மொத்தப் பயணத்துக்கும் சேர்த்து 3 ஜிபி, 5 ஜிபி என்றுதான் இருக்கும். இந்த வித்தியாசம் உறைக்காமல் முதல் நாளே காலி செய்துவிட்டு நிற்பவர்கள் அதிகம்.

மேப், வாட்ஸ்அப் செய்தி, நாலைந்து படம் அனுப்புவது, டாக்ஸி ஆப் இவ்வளவுதான் என்றால் ஆளுக்கு ஒரு நாளைக்கு அரை ஜிபி தாராளம். ராத்திரி பிள்ளைகளோடு வீடியோ காலை ஓட்டல் வைஃபையில் வைத்துக்கொள்ளலாம். ரீல்ஸ் பார்க்காமல் இருக்க முடியாது, மெரினா பே பக்கம் நின்று லைவ் போட்டே ஆக வேண்டும் என்றால் ஒரு நாளைக்கு இரண்டு ஜிபி போட்டுக் கணக்குப் பண்ணுங்கள். உங்கள் பழக்கம் எது என்று போனே சொல்லும். செட்டிங்ஸில் டேட்டா யூசேஜ் பக்கத்தில் எந்த ஆப் எவ்வளவு தின்றது என்று வரிசையாக இருக்கும்.

கிளம்புமுன் மூன்று குழாய்களை மூடிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் படம், வீடியோ தானாக டவுன்லோட் ஆவது ஒன்று. குடும்ப குரூப்பில் வரும் காலை வணக்க வீடியோக்களே பாதி பேக்கைக் குடித்துவிடும். கூகுள் போட்டோஸ் அல்லது ஐகிளவுட் பேக்கப் இரண்டாவது; அதை வைஃபையில் மட்டும் என்று மாற்றுங்கள். மூன்றாவது ஆப் அப்டேட். கூடவே போகும் ஊரின் மேப்பை கூகுள் மேப்ஸில் ஆஃப்லைனாக இறக்கி வைத்துக்கொண்டால் நெட் போனாலும் வழி தெரியும்.

படி 3: இருக்கும் வழிகள் நாலு

இந்திய சிம்மிலேயே ரோமிங் பேக் போடுவது முதல் வழி. ஜியோ, ஏர்டெல், வி மூன்றிலும் அந்தந்த ஆப்பிலேயே நாட்டைத் தேர்ந்தெடுத்துப் போடலாம். பிஎஸ்என்எல் வைத்திருப்பவர்கள் போகும் நாட்டில் ரோமிங் உண்டா என்று கஸ்டமர் சர்வீஸ் சென்டரில் நேரில் கேட்டுவிடுவது நல்லது. சிம் மாற்ற வேண்டாம், நம்பர் அதே, ஓடிபி தடையில்லாமல் வரும். மூன்று, நாலு நாள் பயணத்துக்கும், போன் அவ்வளவாகப் பழக்கமில்லாத பெரியவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன். ஒரு ஜிபிக்கு ஆகும் காசு கூடுதல்தான், நிம்மதிக்குக் கொடுக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பேக் போடும்போது பார்க்க வேண்டியவை சில உண்டு. போகும் நாடு பட்டியலில் இருக்கிறதா, வழியில் மாறி ஏறும் நாடும் இருக்கிறதா? பேக்கின் நாள் கணக்கு எப்போது தொடங்கும், பணம் கட்டியதுமா, அங்கே முதலில் நெட்வொர்க் பிடித்ததுமா? ‘ஒரு நாள்’ என்பது 24 மணி நேரமா, நள்ளிரவோடு முடியும் நாளா? வரும் கால்களுக்கு எத்தனை நிமிடம் இலவசம்? ஊரில் இருந்து யாரோ கடன் அட்டை வேண்டுமா என்று கேட்கக் கூப்பிட, அதை எடுத்துப் பேசினால் பேக் நிமிடம்தான் கரையும். இன்னொன்று, இதையெல்லாம் வீட்டில் உட்கார்ந்து முடித்துவிடுங்கள். திண்டிவனம் தாண்டிய பிறகு காரில் ஆப்பைத் திறந்து பேக் தேடுகிறவர்கள் நம் ஊரில் நிறைய.

இரண்டாவது, போய் இறங்கிய நாட்டில் உள்ளூர் சிம். ஒரு வாரத்துக்கு மேல் தங்கினாலோ, நிறைய டேட்டா வேண்டுமென்றாலோ பெரும்பாலும் இதுதான் மலிவு. உள்ளூர் நம்பரும் கிடைக்கும். பாஸ்போர்ட்டைக் காட்டிப் பதிவு செய்ய வேண்டும். தாய்லாந்தில் முகத்தையும் படம் எடுப்பார்கள். கவுன்டரில் வரிசை நீளமாக இருந்தால் கைக்குழந்தையோடு நிற்பது கஷ்டம்.

மூன்றாவது, பயண இசிம். ஆன்லைனில் வாங்கி, மெயிலில் வரும் கியூஆர் கோடை ஸ்கேன் செய்தால் சிம் போனுக்குள் ஏறிவிடும். இறங்கியதும் நெட் வரும், கவுன்டர் தேட வேண்டாம். பெரும்பாலானவை டேட்டா மட்டும்தான், பேசுவதற்கு நம்பர் இருக்காது. வெளிநாட்டு சிம்மை இந்தியாவில் விற்கத் தொலைத்தொடர்புத் துறையின் தடையில்லாச் சான்று வேண்டும். அது இல்லை என்று 2024 ஜனவரியில் பயண இசிம் விற்கும் ஏராலோ, ஹோலாஃப்ளை ஆகியவற்றின் செயலிகள் இந்திய ஆப் ஸ்டோர்களில் இருந்து எடுக்கப்பட்டன. அதனால் ஊரில் இருந்தே வாங்கும்போது இங்கே விற்க அனுமதி உள்ள நிறுவனமா என்று பாருங்கள். வெளிநாட்டுத் தளத்தில் கார்டு போட்டால், பேங்க் ஆப்பில் சர்வதேசப் பரிவர்த்தனையை முதலில் திறந்துவிட வேண்டும். 2020-இல் வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி புதுக் கார்டுகளில் அது மூடியேதான் வரும்.

நாலாவது, மேட்ரிக்ஸ் மாதிரியான நிறுவனங்கள் இங்கேயே விற்கும் வெளிநாட்டு சிம். இசிம் வசதி இல்லாத போனும், இறங்கியதும் நெட் வேண்டும் என்ற அவசரமும் சேர்ந்திருந்தால் மட்டும் இதை யோசிக்கலாம். மற்றவர்களுக்குத் தேவைப்படாது.

‘அன்லிமிடெட்’ என்று எங்கே போட்டிருந்தாலும் அடியில் இருக்கும் பொடி எழுத்தைப் படியுங்கள். ஒரு நாளைக்கு இத்தனை ஜிபி தாண்டினால் வேகம் ஊர்ந்துவிடும் என்றோ, ஹாட்ஸ்பாட் போடக் கூடாது என்றோ இருக்கும்.

படி 4: நாட்டுக்கு நாடு

சிங்கப்பூர், மலேசியா: சென்னையிலோ திருச்சியிலோ ஏறினால் நாலு மணி நேரத்தில் சாங்கி. அங்கே வருகைப் பகுதியிலேயே சிங்டெல், ஸ்டார்ஹப், எம்1 சுற்றுலா சிம்கள் கிடைக்கும். கூட்டம் இருந்தால் விமான நிலைய வைஃபையில் வேலையை முடித்துக்கொண்டு, லிட்டில் இந்தியாவில் போய் வாங்கிக்கொள்ளலாம். சிராங்கூன் சாலைக் கடைகளில் தமிழிலேயே பேசி, அவர்களையே சிம்மைப் போடச் சொல்லி, நெட் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு நகரலாம். அப்படியே பஸ்ஸில் மலேசியா போகும் திட்டம் இருந்தால், மலேசியா ரோமிங்கும் சேர்ந்த சிம்மாகக் கேளுங்கள். இல்லாவிட்டால் ஜொகூர் பாலத்தைத் தாண்டியதும் போன் ஊமையாகிவிடும். இந்த இரண்டு நாட்டுக்கும் தாய்லாந்துக்கும் வருகை அட்டையை ஆன்லைனில், இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். அதை வீட்டு வைஃபையில் முடித்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தால், குடிநுழைவு வரிசையில் நெட் தேடி அலைய வேண்டாம்.

இலங்கை: விமானத்தில் கட்டுநாயக்கவில் இறங்கினால் வெளியே வரும் இடத்திலேயே டயலொக், மொபிடெல் கவுன்டர்கள். நம் பக்கத்து ஆட்களுக்கு நாகப்பட்டினத்தில் இருந்து காங்கேசன்துறைக்குப் போகும் கப்பலும் கிட்டத்தில்தான். 2023 அக்டோபரில் தொடங்கி, நடுவில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓட ஆரம்பித்தது. அந்தத் துறைமுகத்தில் கட்டுநாயக்க மாதிரி கடைகள் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். யாழ்ப்பாணம் டவுனுக்குள் போய் வாங்குவதாக வைத்துக்கொண்டு, தங்கும் இடத்து முகவரியையும் போன் நம்பரையும் பேப்பரில் எழுதி எடுத்துப் போங்கள்.

பிரான்ஸ்: புதுச்சேரியில் தெருவுக்கு ஒரு வீட்டுக்காவது அங்கே சொந்தம் இருக்கும். போய்த் தங்குவது உறவுக்காரர் வீட்டில் என்றால் வைஃபை இருக்கிறது, வெளியே சுற்றும்போதுதான் டேட்டா வேண்டும். நாள் கணக்கு நீளம் என்பதால் ரோமிங் பேக் கட்டுப்படியாகாது. அங்கே இருப்பவரிடம் சொல்லி ஒரு ப்ரீபெய்டு சிம் வாங்கி வைக்கச் சொல்லலாம், பாரிஸின் லா ஷபெல் பக்கத் தமிழ்க் கடைகளிலும் விசாரிக்கலாம். வாங்கித் தருகிறவரிடம் மாதச் சந்தா இல்லாத சிம் என்று அழுத்திச் சொல்லுங்கள். சந்தா சிம்மை வாங்கிவிட்டால் நீங்கள் ஊர் திரும்பிய பிறகும் அவர் கணக்கில் பணம் போய்க்கொண்டே இருக்கும், அப்புறம் சொந்தத்துக்குள் சங்கடம்.

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் ஒரு நாட்டு சிம்மைக் கூடுதல் கட்டணமின்றி இன்னொரு நாட்டில் பயன்படுத்தும் விதி 2017 ஜூன் 15 முதல் இருக்கிறது. பாரிஸில் வாங்கிய சிம் பிரஸ்ஸல்ஸிலும் ரோமிலும் ஓடும், பிரான்ஸுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவிலும் ஓடும். மாட்டுவது சுவிட்சர்லாந்தில். டூர் கம்பெனிகள் பாரிஸையும் சுவிஸையும் சேர்த்தே விற்கின்றன, ஆனால் சுவிஸ் ஒன்றியத்தில் இல்லை. பிரிட்டனும் வெளியேறிவிட்டது. இந்த இரண்டில் ஒன்று உங்கள் திட்டத்தில் இருந்தால், அது பேக்கில் பெயரோடு எழுதியிருக்கிறதா என்று பார்த்த பிறகே வாங்குங்கள்.

துபாய்: அங்கத்திய நெட்டில் வாட்ஸ்அப் செய்தி போகும், வாட்ஸ்அப் கால் போகாது. தினமும் வீடியோவில் முகம் பார்த்தே ஆக வேண்டும் என்று அடம்பிடிக்கும் பாட்டியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சீனாவில் நிலைமை இதைவிடக் கெடுபிடி. உள்ளூர் சிம்மில் கூகுளும் இல்லை, வாட்ஸ்அப்பும் இல்லை. இந்திய சிம்மின் ரோமிங்கில் டேட்டா நம் நாட்டு நிறுவனம் வழியாகச் சுற்றி வருவதால் அவை வேலை செய்யும். ரோமிங் பேக்குக்குக் கூடுதல் காசு கொடுத்தாலும் வருத்தப்பட வேண்டாத நாடு அது.

படி 5: கிளம்புமுன், இறங்கியபின்

ஒரு சிம் டிரேயும் இசிம் வசதியும் உள்ள போனில், இந்திய நம்பரையே இசிம்மாக மாற்றிவிட்டு டிரேயை உள்ளூர் சிம்முக்குக் காலியாக வைப்பது நல்ல யோசனை. ஜியோ, ஏர்டெல், வி மூன்றிலும் முடியும். ஆனால் சிம் மாற்றினால் 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் நிறுத்தி வைக்கப்படும், ஓடிபி வராது. பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே செய்துவிடுங்கள். மாற்றித் தருகிறேன் என்று போனில் கூப்பிட்டு ஓடிபி கேட்கிறவன் திருடன், கடைக்கோ ஆப்புக்கோ நீங்களே போங்கள்.

ரோமிங் பேக் போடாவிட்டாலும் இந்திய நம்பரில் சர்வதேச ரோமிங் வசதியை இயக்கி, ரீசார்ஜ் காலம் முடியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்போதுதான் ஓடிபி எஸ்எம்எஸ் அங்கே வந்து சேரும். வரும் எஸ்எம்எஸ்ஸுக்குப் பெரும்பாலும் கட்டணம் கிடையாது. கிராப் மாதிரி டாக்ஸி ஆப்புகளில் ஊரிலேயே நம் நம்பரைப் பதிந்துவிடுங்கள். பயண இசிம்மை வீட்டு வைஃபையில் ஏற்றுங்கள், அதற்கு முன் அதன் நாள் கணக்கு ஏற்றிய உடனே தொடங்காது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். கியூஆர் கோடு வேறொரு போனிலோ பேப்பரிலோ இருந்தால் ஸ்கேன் செய்ய எளிது.

விமானத்தில் ஏரோபிளேன் மோடு. சில விமானங்களிலும் சொகுசுக் கப்பல்களிலும் தனி நெட்வொர்க் இருக்கும். சாதாரண பேக் அதற்குச் செல்லாது, கட்டணம் எகிறிவிடும்.

இறங்கியதும் செய்ய வேண்டியதில்தான் பலரும் குழம்புகிறார்கள். மொபைல் டேட்டா எந்த சிம்மில் என்று கேட்கும் இடத்தில் புது சிம்மைத் தேர்ந்தெடுங்கள். இந்திய சிம்மில் டேட்டா ரோமிங் ஆஃப். பயண இசிம்மில் டேட்டா ரோமிங் ஆன், ஏனென்றால் அதுவே வேறு நாட்டு நெட்வொர்க்கில் ரோமிங்காகத்தான் ஓடுகிறது. ஐபோனில், சிக்னல் குறைந்தால் இன்னொரு சிம்முக்கு டேட்டா தானாகத் தாவும் ஒரு சுவிட்ச் உண்டு, அதையும் அணைத்துவிடுங்கள். அப்படியும் நெட் வராவிட்டால் ஒருமுறை போனை அணைத்துப் போடுங்கள், பிறகு ஏபிஎன் (சிம் நெட்டோடு இணையப் பயன்படுத்தும் பெயர், செட்டிங்ஸில் இருக்கும்) சரியா என்று வந்த மெயிலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். என்ன ஆனாலும் பதற்றத்தில் இசிம்மை டெலீட் செய்யாதீர்கள். பல கியூஆர் கோடுகள் ஒரு தடவைக்கு மேல் வேலை செய்யாது.

புது சிம் போட்டதும் நம்பரை மாற்றவா என்று வாட்ஸ்அப் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பழைய நம்பரிலேயே அது ஓடும். யூபிஐ ஆப்புகளுக்காகவும் இந்திய சிம்மை வெளியே எடுக்காமல் இருப்பது உத்தமம். எடுத்தே ஆக வேண்டிய ஒற்றை சிம் போன் என்றால், சிறு பிளாஸ்டிக் உறையில் போட்டு பாஸ்போர்ட் அட்டையின் உட்புறம் டேப் போட்டு ஒட்டிவையுங்கள். பர்ஸின் சில்லறை அறையில் போட்டால் வெளிநாட்டுச் சில்லறையோடு அதுவும் போய்விடும்.

குடும்பமாகப் போனால் எத்தனை சிம்? நாலு பேருக்கு நாலு தேவையில்லை, ஒன்று மட்டும் போதாது. ஒரே ஹாட்ஸ்பாட்டை நம்பி சிங்கப்பூரின் பெரிய கடையான முஸ்தபா சென்டருக்குள் நுழைந்து பாருங்கள். அவர் எலெக்ட்ரானிக்ஸ் மாடியில், இவர் நகைப் பக்கம், நெட் இருப்பது ஒருவரிடம் மட்டும், வாட்ஸ்அப்பில் யாரும் யாரையும் கூப்பிட முடியாது. பெரியவர்களில் இரண்டு பேரிடம் தனித்தனி டேட்டா, பிள்ளைகளுக்கு ஹாட்ஸ்பாட், ஒரு பவர் பேங்க். பவர் பேங்கைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் போடக் கூடாது.

ஊர் திரும்பியதும் டேட்டாவை இந்திய சிம்முக்கு மாற்றி, போஸ்ட்பெய்டு என்றால் அடுத்த பில்லில் ரோமிங் வரிகளை ஒருமுறை பாருங்கள். மிச்சம் இருக்கும் வெளிநாட்டு சிம்மை, அடுத்த வாரம் அதே ஊருக்குப் போகும் மச்சானுக்கு என்று தூக்கிக் கொடுக்க வேண்டாம். அது உங்கள் பாஸ்போர்ட்டில் பதிவான சிம். அதில் யார் என்ன செய்தாலும் கேள்வி உங்களிடம்தான் வரும்.